குடும்பத்தில் எத்தனை பேர்?

புதிதாக ஆய்வகத்தில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஒரு விளக்கம் சொல்லிவிட வேண்டும். பணி அனுபவங்கள் எழுத ஒரு வயது வேண்டும், தலை நரைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு நரைக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்த போஸ்ட்டாக்கும் ஓய்வு பெற்ற தாசில்தாரும் ஏறக்குறைய ஒரே ஜாதி. இருவருக்கும் அறிவுரை சொல்ல நேரம் நிறைய இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. அவருக்குப் பென்ஷன் வரும். எனக்கு உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கப்பட்ட செய்தி வரும்.

போஸ்ட்டாக் என்றால் என்னவென்று திருப்பத்தூரில் இருக்கும் என் அம்மா ஒருமுறை கேட்டார். "டாக்டர் பட்டம் வாங்கி முடிச்ச பிறகும் படிக்கிறதும்மா" என்றேன். "அதுக்குப் பேரு அரியர் இல்லையா?" என்றார். அதைவிடச் சரியான விளக்கம் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

மைக்ராஸ்கோப்பை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் சொல்ல வந்தது சுவரில் ஒட்ட முடியாத ஒரு சங்கதி.

நாம் ஆராய்வது செல் பிரியும்போது நடக்கும் தவறுகளை. காரைக்குடியில் யாராவது இதைப் பற்றிக் கேட்டால் நான் சொல்லும் விளக்கம் ஒன்று உண்டு, வேண்டுமானால் நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கானாடுகாத்தான் பக்கம் பெரிய பெரிய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே, ஏன் விற்கவில்லை? பங்காளிகள் அத்தனை பேரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மலேசியாவில் இருப்பார், ஒருவர் கோபத்தில் இருப்பார். கடைசி ஆள் வரும்வரை சொத்து பிரியாது. செல்லுக்குள்ளும் இப்படி நிறுத்தி வைக்கும் ஒரு காவல் புரதம் உண்டு. குரோமோசோம்கள் எல்லாம் தங்கள் இழையில் மாட்டியாயிற்றா என்று பார்க்கும். ஒன்று பாக்கி என்றாலும் பிரிவினை நடக்காது. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தால், வராத ஆளை விட்டுவிட்டுப் பத்திரம் பதிந்துவிடும். ஒரு செல்லுக்குக் குரோமோசோம் கூடிப்போகும், இன்னொன்றுக்குக் குறைந்துபோகும். அந்த மாதிரிப் பிறந்த செல்களில் சில, கட்டியாக வளரும். பழுது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தால் புற்றுநோயும் வீட்டோடு சேர்ந்து வரும்.

அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவர்தான் உமையாள் ஆச்சி. ஆச்சி என்றதும் பாட்டி என்று நினைத்துவிடாதீர்கள், நகரத்தார் வீடுகளில் அக்காவும் ஆச்சிதான். நாற்பதுகளில் இருக்கும் கணக்கு டீச்சர். அப்பா குடல் புற்றுநோயில் போனார், அத்தையும் போனார், இவருக்கும் வந்து சென்னையில் ஆபரேஷன் செய்து தப்பினார். "எங்க வீட்டுல இது ஏன் வரிசையா வருது? யாராச்சும் கணக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று நம் ஆய்வகத்துக்குத் தானாக நடந்து வந்தார்.

அவர் செல்கள் பிரிவதை முதன்முதலாகப் படமெடுத்த அன்று, ஒரு குரோமோசோம் பின்தங்கி நடுவில் தனியாக நின்றது. நாங்கள் கைதட்டினோம். ஆய்வகத்தை நடத்தும் நம் மேடம் எழுந்து நின்றே தட்டினார். ஆச்சி அடுத்த அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "என்ன, நல்ல சேதியா?" என்றார். அறையில் இருந்த முனைவர் பட்டங்களில் ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை.

அடுத்த வேலை, குடும்பத்தில் யார் யாருக்கு இந்தப் பழுது இருக்கிறது என்று பார்ப்பது. வெளிநாட்டிலிருந்து வந்த கேள்வித்தாள் ஒன்று இருந்தது. அதை அப்படியே கேட்டால் யாருக்கும் புரியாது என்று பேச்சுத் தமிழில் மாற்றி வைத்திருந்தோம். எவ்வளவு இயல்பாக இருக்கிறது என்று கருத்தரங்கில் பாராட்டெல்லாம் கிடைத்தது. முதல் கேள்வி: "உங்க வீட்டுல பிள்ளைக எத்தன பேரு?"

"மூணு பேரு. நான், தங்கச்சி, சின்னவன்" என்றார் ஆச்சி. ஒரு கட்டம், இரண்டு வட்டம் போட்டோம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் வந்தவர்களைக் கறுப்பாக்கினோம். வரைபடம் பார்க்க லட்சணமாக இருந்தது.

ரத்தம் எடுக்கும் முகாம் கானாடுகாத்தானில் வைரவன் அண்ணன் வீட்டில் நடந்தது. நாற்பதைத் தொட்ட வயது, குரலில் எப்போதும் ஒரு கல்யாணக் களை. பெரிய வீட்டின் ஒரு பாதியை ஓட்டலாக்கி, தூண்களைப் படமெடுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கு இடியாப்பம் போடுகிறவர். உமையாள் ஆச்சிக்குப் பங்காளி முறை என்று தெரியும், அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை. அவர்தான் சாக்கோட்டைக்கும் தேவகோட்டைக்கும் வண்டி அனுப்பி உறவு முழுவதையும் கூட்டி வந்தார். வாசலிலேயே நின்று அறிவித்தார்: "ரத்தம் குடுத்தவுகளுக்கு முழு டிபன். குடுக்காதவுகளுக்குக் காபி மட்டும். கையைக் காட்டிட்டு அங்குட்டு உக்காருங்க."

என்னைச் சுற்றி ஒரு கூட்டம். "டாக்டரம்மா, முழங்கால் வலிக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன்."

"நான் மருந்து எழுதுற டாக்டர் இல்லம்மா."

"எழுத மாட்டீகளா, எழுதத் தெரியாதா?"

வைரவன் அண்ணன் வந்து காப்பாற்றினார். "அவுக ஆளப் பாக்குற டாக்டரு இல்ல. ஆளுக்குள்ள இருக்கிறத மட்டும் பாப்பாக." நான் சிரித்துவிட்டு, "நீங்க ரத்தம் குடுக்கலையாண்ணே?" என்று கேட்டேன். "நாங்க வேற வீடு தங்கச்சி. எனக்குக் காபி போதும்" என்றார். உள்ளே அவருடைய ஆத்தா தட்டுகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கே ஆத்தா என்றால் அம்மா.

முடிவுகள் வந்தன. ஆச்சிக்கும் சின்னவருக்கும் பழுது இருந்தது, தங்கைக்கு இல்லை. சின்னவர் சென்னையில் பரிசோதித்துக்கொண்டார், குடலில் கட்டியாக மாறாத சிறு முளைகள் இருந்தன, எடுத்துவிட்டார்கள். ஓர் உயிர் தப்பியது. அதைவிட முக்கியமாக, எங்கள் கட்டுரைக்கு இரண்டாவது படம் கிடைத்தது. முன்னுரிமை வரிசை அப்படித்தான் இருந்தது, மன்னியுங்கள்.

நன்றி சொல்ல வைரவன் அண்ணன் வீட்டுக்கு நானும் ஆச்சியும் ஒருநாள் போனோம். மதியச் சாப்பாடு. ஆத்தா உள்ளே அப்பளம் எடுக்கப் போயிருந்தார். அண்ணன் சாம்பாரைத் தள்ளிவைத்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

"என்ன, ஓட்டல்காரரே உங்க சாப்பாட்டைச் சாப்பிட மாட்டீகளா?" என்றேன்.

"மூலம் தங்கச்சி. சீசன் ஆரம்பிச்சதுல இருந்து ரத்தமாப் போகுது. காரத்தக் கொறச்சா சரியாப்போகும். ஆளும் கொஞ்சம் இளைச்சுட்டேன்ல? பழைய சட்டையெல்லாம் இப்பப் பத்துது."

ஆச்சி கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். பள்ளத்தூர் தாண்டியதும் கேட்டேன். "என்ன ஆச்சி?"

"அவன் என் தம்பி."

"பங்காளின்னு சொன்னீங்களே, சித்தப்பா மகனா?"

"கூடப்பொறந்த தம்பி. எனக்கு அடுத்தவன். அவனுக்கு அஞ்சு வயசுல கானாடுகாத்தானுக்குப் பிள்ளை கூட்டிட்டுப் போயிட்டாக."

பிள்ளை கூட்டுவது என்றால் சுவீகாரம். பிள்ளையில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு மகனைச் சடங்கு செய்து முறையாகக் கொடுப்பார்கள். ஊரைக் கூட்டி, விருந்து வைத்து நடப்பது. இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. முகாமில் டிபன் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் தெரியும். ரத்தம் எடுத்த எங்களுக்கு மட்டும் தெரியாது.

"ஆச்சி, இதை ஏன் எங்ககிட்ட சொல்லல?"

கணக்கு டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எங்க வீட்டுல எத்தன பேருன்னு கேட்டீக. எங்க வீட்டுல மூணு பேருதான். குடுத்த பிள்ளைய நம்ம பிள்ளைன்னு எண்ணக் கூடாது. அவனப் பெத்த அப்பச்சி செத்தப்பகூட அவன் மத்தவுகளோட மத்தவனா வந்து நின்னுட்டுப் போனான். கொள்ளி வச்சது சின்னவன்."

மறுநாள் காலை இதை மேடத்திடம் சொன்னேன். மேடம் கெட்டவர் இல்லை. வாழ்நாள் முழுக்கச் செல்லையே பார்த்துப் பழகியதால் மனிதர்களைப் பார்க்கும்போது அவருக்கு ஃபோகஸ் கிடைப்பதில்லை, அவ்வளவுதான். "இன்னொரு சாம்பிளா!" என்றார் முதலில். ரத்தப்போக்கு, எடை குறைவு என்று நான் சொல்லச் சொல்ல முகம் மாறியது. "உடனே பார்க்கணுமே. ஆனா நாம எப்படிப் போய்ச் சொல்றது?"

சொல்ல முடியாது. ஒருவருடைய மரபணு முடிவை இன்னொருவரிடம் நாம் போய்ச் சொல்லக் கூடாது, அது விதி, நல்ல விதி. நெறிமுறைக் குழுவைக் கேட்கலாம் என்றால், உறுப்பினர் ஒருவர் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தார், அவர் இல்லாமல் குழு கூடாது. செயலாளர் மட்டும் போனில் ஓர் ஐயம் எழுப்பினார்: "தத்துப் போனவர் குடும்ப உறுப்பினரா, இல்லையான்னு முதல்ல வரையறுக்கணும். ஒரு துணைக்குழு போடலாம்." இதற்குள் அண்ணனின் சட்டைகள் இன்னும் தளர்ந்துகொண்டிருந்தன.

தன் முடிவைத் தம்பியிடம் சொல்ல ஆச்சிக்கு உரிமை உண்டு. ஆனால் "நீ என் கூடப்பொறந்தவன்" என்று அந்த வீட்டுக்குள் போய்ச் சொல்வது, கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம் என்று பயந்தார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள், "நீங்களும் வாங்க, நான் பாதியில நின்னுட்டா மீதிய நீங்க பாத்துக்கங்க" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அண்ணன் ஓட்டல் வரவேற்பு மேசையில் இருந்தார். ஆச்சி தொடங்கியதும் கையமர்த்தினார்.

"தெரியும் ஆச்சி. அப்பச்சிக்கு வந்தது, அத்தைக்கு வந்தது, உனக்கு வந்தது. எனக்கு வராதுன்னு நான் நெனச்சுக்கிட்டா இருந்தேன்? ஊரையே கூட்டி ரத்தம் குடுக்க வச்சேனே, எதுக்குன்னு தெரியாமயா?"

"அப்ப நீயும் ஏன்டா கையை நீட்டல?" முதல் தடவையாக அவரை 'டா' போட்டு ஆச்சி கூப்பிட்டதைக் கேட்டேன்.

அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "ஆத்தா உள்ளதான் தட்டு அடுக்கிக்கிட்டு இருந்துச்சு. அந்த வீட்டு வரிசையில நின்னு நானும் கைய நீட்டுனா, இத்தன வருசம் வளத்தவளுக்கு என்ன மிச்சம்? ஆத்தா பிள்ளை வேணும்னு கூட்டிட்டு வந்துச்சு. நோயையும் சேத்தா கூட்டிட்டு வந்துச்சு?"

ஆச்சி பாதியில் நின்றுவிட்டார். மீதி என்னிடம் வந்தது. படித்த எதுவும் உதவவில்லை. மரபணு, நிகழ்தகவு என்று ஆரம்பித்தால் அவர் இடியாப்பம் வரவழைத்துவிடுவார். எதை விட்டுக்கொடுக்கலாம் என்று யோசித்தேன். விட்டுக்கொடுக்கக்கூடியது எங்கள் ஆராய்ச்சி ஒன்றுதான்.

"அண்ணே, எங்களுக்கு உங்க ரத்தம் வேண்டாம். உங்க பேரு எங்க படத்துல ஏறவே வேண்டாம். மூலம்னுதானே சொன்னீங்க? மூலத்துக்கே காட்டுவோம். மதுரையில ஒரு நல்ல குடல் டாக்டர் இருக்கார்."

"சீசன் முடியட்டுமே."

"வெள்ளைக்காரன் தூணைப் பாக்கத்தான வாரான்? ஒன்னைப் பாக்கவா வாரான்? தூணு எங்கயும் போகாது" என்றார் ஆச்சி.

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை.

மதுரைக்கு நாலு பேர் போனோம். மூலத்துக்குப் போனாலும் மூக்கடைப்புக்குப் போனாலும் மகனைத் தனியாக அனுப்புகிறவர் இல்லை ஆத்தா. தூக்குவாளியில் மோர், பையில் விசிறி. ஆச்சியைப் பார்த்து, "நீ எங்குட்டுப் போற?" என்றார். "மதுரையில ஒரு சோலி" என்றார் ஆச்சி.

டாக்டர் பொறுமையானவர்தான், ஆனால் வெளியே வராண்டா நிறைய ஆட்கள். அண்ணனைப் பரிசோதித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "மூலம் இருக்கு. குடும்பத்துல யாருக்காவது குடல்ல கட்டி, கேன்சர் இருந்திருக்கா?"

"இல்ல சார்" என்றார் அண்ணன்.

"அம்மா? அப்பா? கூடப்பிறந்தவங்க?"

"நான் ஒரே பிள்ளை சார்."

பொய் என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்ப மருந்து எழுதித் தரேன். ரத்தம் நிக்கலன்னா ஒரு மாசம் கழிச்சு வாங்க."

ஆச்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் உண்மையைச் சொன்னால் விதியை மீறியவள். சொல்லாவிட்டால், களிம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு நாலு பேரும் ஊர் திரும்புவோம். உங்களுக்கும் இப்படி ஒரு நிமிஷம் வரும். அப்போது ஒன்று நினைவிருக்கட்டும். பதிலைச் சொல்லத்தான் நமக்கு உரிமை இல்லை. கேள்வியைத் திருத்த உரிமை இருக்கிறது, அது ஒன்றுதான் நம் தொழில்.

"டாக்டர், குடும்பம்னா எந்தக் குடும்பம்னு ஒரு தடவ கேட்டுருங்களேன்" என்றேன்.

ஆத்தா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மூன்று வருட ஆராய்ச்சியும் எரிந்துபோயிருக்கும். அண்ணன் "தங்கச்சி" என்று பல்லைக் கடித்தார். டாக்டருக்கு ஒன்றும் புரியாமல் பேனா அந்தரத்தில் நின்றது. வெளியே யாரோ டோக்கன் எண் கூப்பிட்டார்கள்.

ஆத்தா விசிறியை மடியில் வைத்தார்.

"எழுதிக்கிங்க. இவனப் பெத்த தகப்பனுக்கு இருந்துச்சு. தகப்பன் கூடப்பொறந்தவளுக்கு இருந்துச்சு. இவன் அக்காளுக்கும் வந்து அறுத்துருக்காக. இந்தா நிக்கிறா பாருங்க, இவதான்." பிறகு ஆச்சியிடம் திரும்பினார். "ஏண்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? மதுரையில ஒனக்கு என்ன சோலின்னு எனக்குத் தெரியாதாக்கும்? நீயாச் சொல்லுவ சொல்லுவன்னு வழி நெடுக வாயப் பாத்துக்கிட்டு வாரேன்."

"நீங்க சங்கடப்படுவீகன்னுதான்..."

"சங்கடந்தான். அதுக்காக? சங்கடப்படாம இருக்க மகனக் காவு குடுக்கச் சொல்றியா?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ பேசாத. ஒரே பிள்ளையாம்ல" என்று ஆத்தா அவரை அடக்கினார். உடனே தூக்குவாளியைத் திறந்து மோர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

டாக்டர் எழுதியதைக் கிழித்துப் போட்டார். "இன்னைக்கே தங்கிருங்க. நாளைக்குக் காலையில முழுக் குடலையும் கேமரா விட்டுப் பாத்துருவோம்."

பார்த்தார்கள். மூலத்தோடு சம்பந்தமே இல்லாமல், இன்னும் உள்ளே தள்ளி இரண்டு முளைகள். ஒன்று பெரிது, கெட்டதாக மாறத் தொடங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டு இரண்டையும் வேரோடு எடுத்தார்கள். கெட்டது அந்த முளையைத் தாண்டிப் போகவில்லை என்று பிறகு அறிக்கை வந்தது. இன்னும் ஒரு வருஷம் போயிருந்தால் வேறு கதை என்றார் டாக்டர்.

நம் கேள்வித்தாளில் இப்போது நீங்கள் பார்க்கும் "பிள்ளை கூட்டிக் கொடுத்தது, கூட்டி வந்தது உண்டா?" என்ற வரி அதன் பிறகு சேர்ந்தது. இந்தக் கேள்விக்குச் சர்வதேச முன்மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று நெறிமுறைக் குழு கேட்டிருக்கிறது. துணைக்குழு இன்னும் கூடவில்லை. நீங்கள் அதற்காகக் காத்திராமல் கேட்டுக்கொண்டே இருங்கள்.

முளைகளை எடுத்த அன்று, அண்ணன் மயக்கம் தெளியாமல் படுத்திருந்தபோது மேடம் போன் செய்தார். நான் விவரம் சொன்னேன். "அப்பாடா" என்று உண்மையாகவே பெருமூச்சு விட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "சாம்பிள் எடுத்தாச்சா?" என்றார்.

"எடுத்தாச்சு மேடம்."

"வெரி குட்! எங்க இருக்கு?"

"பயாப்ஸிக்குப் போயிருச்சு. நமக்கு இல்ல மேடம், அவருக்கு."

போனை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். இனி வருஷா வருஷம் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். ஆத்தா அதைக் கவனமாகக் கேட்டுவிட்டு, கட்டிலின் மறுபக்கம் நின்ற உமையாள் ஆச்சியிடம் சொன்னார்:

"எனக்கு எந்நேரமும் ஒரே மாதிரி இருக்காது. வருசா வருசம் இவன இங்குட்டுக் கூட்டியார வேண்டியது நீதான். சோறு மட்டும் நான் கட்டித் தருவேன். அதுல நீ தலையிடாத."